சூட்டுக்கோல் முதல் ஊசி அகநோக்கி வரை: வளைகுடாவில் மூட்டு நோயறிதலின் வரலாறு

பிரிட்டனுடன் செய்துகொண்ட கடல் உடன்படிக்கைகளால் 'ட்ரூஷியல்' நாடுகள் என்று அழைக்கப்பட்டு, 1971இல் ஐக்கிய அரபு அமீரகமாக ஒன்றிணைந்த ஷேக்கியங்களிலும், அவற்றின் அண்டை நாடுகளான ஓமான், கத்தார், பஹ்ரைன், குவைத் ஆகியவற்றிலும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை முழங்கால் வீங்கியவரும் தோள் பிசகியவரும் பெரும்பாலும் மூன்று வகை வைத்தியர்களையே நாடினர். முறிந்த எலும்பை இழுத்துப் பொருத்திப் பத்தை வைத்துக் கட்டும் முஜப்பிர் ஒருவர். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வலியுள்ள இடத்தில் சூடு போடுபவர் இன்னொருவர். தோலைக் கீறி, குவளை பொருத்தி, இரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் ஹிஜாமாக்காரர் மூன்றாமவர். சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளுள் கட்டு, சுட்டிகை, கொம்பு கட்டல் ஆகியவை இடம்பெற்றிருப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த மூவரும் முற்றிலும் அந்நியர்களாகத் தோன்ற மாட்டார்கள்.

இவற்றுள் சூடு போடும் முறையே மூட்டு நோயின் வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டியது. அரபியில் 'கைய்' என்றும், வளைகுடா வழக்கில் 'வஸ்ம்' என்றும் சொல்லப்படும் இந்த முறைக்கு நூல் மரபின் பின்புலமும் உண்டு. ஸ்பெயினின் கொர்தோபாவை அடுத்த நகரில் வாழ்ந்து பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, முப்பது பகுதிகளைக் கொண்ட தம் மருத்துவக் களஞ்சியத்தின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கு ஒதுக்கி, அதன் முதல் பிரிவில் சூட்டுக்கோல் சிகிச்சையையும், அடுத்ததில் கத்தியால் செய்யும் சிகிச்சையையும், மூன்றாவதில் எலும்பு முறிவு, மூட்டு விலகல் ஆகியவற்றையும் விரித்துரைத்தார். எந்த உறுப்புக்கு எந்த வடிவச் சூட்டுக்கோல் என்பதைப் படம் வரைந்து காட்டிய அவர், பொன்னாலான கோலைவிட இரும்புக் கோலே சிறந்தது என்றும் வாதிட்டார். பொன்னில் சூட்டின் அளவைக் கண்ணால் கணிப்பது கடினம் என்பது அவருடைய காரணங்களுள் ஒன்று. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கும் அடிக்கடி நழுவும் தோள்மூட்டுக்கும் சூடு போடும் வழக்கம் இந்நூலுக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டிஸின் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலிலேயே, நழுவும் தோளுக்காக அக்குளில் சூடு போடும் முறை சொல்லப்பட்டுள்ளது.

பாலைவனத்தில் சூடு போட்டவர்கள் இந்த நூல்களைப் படித்தவர்கள் அல்லர். தந்தையிடமோ மாமனிடமோ பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். விரல் நுனியால் மூட்டைச் சுற்றி அழுத்திப் பார்த்து, எந்தப் புள்ளியில் நோயாளி துடிக்கிறாரோ அந்தப் புள்ளியைக் கரியால் குறித்துக்கொண்டு, அங்கே இரும்பை வைத்து எடுப்பது அவர்களுடைய தொழில். ஹதீஸ் தொகுப்புகள் தேன், ஹிஜாமா, சூடு ஆகிய மூன்றையும் சிகிச்சையாகக் குறித்தாலும் சூட்டை விரும்பத்தகாததாகவே சொல்கின்றன. எல்லா மருந்தும் தோற்ற பின்னரே சூடு என்பது அரபு மக்களிடையே பழமொழியாகவும் நிலைத்திருக்கிறது. நடைமுறையில் இந்தத் தயக்கம் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்பட்டது என்பது வேறு செய்தி. வளைகுடா மருத்துவமனைகளின் எலும்புப் பிரிவுகளில் பணியாற்றிய மருத்துவர்கள், வயது முதிர்ந்த நோயாளிகளின் முழங்காலைச் சுற்றியும் இடுப்பின் பின்புறத்திலும் நாணய அளவில் வட்டமாகவோ விரல் நீளத்துக்குக் கோடாகவோ பதிந்த பழைய தழும்புகளைக் காண்பது வழக்கம். எழுதப்பட்ட நோய்க் குறிப்பேடு ஏதும் இல்லாத ஒருவருக்கு எந்த மூட்டு நீண்ட காலம் வலித்தது என்பதை அந்தத் தழும்புகளே தெரிவித்தன.

மூட்டு வலி இந்த மண்ணில் வெறும் உடல் உபாதையாக இருந்ததில்லை என்பதையும் கருத வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகையில் கட்டாயமான ரக்அத்துகள், அதாவது தொழுகைச் சுற்றுகள், பதினேழு. ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு முறை நெற்றியைத் தரையில் பதிக்கும் சஜ்தா உண்டு என்பதால், கட்டாயத் தொழுகைக்காக மட்டும் ஒருவர் முப்பத்து நான்கு முறை முழங்காலை முழுமையாக மடக்குகிறார். விருந்தினரை வரவேற்கும் மஜ்லிஸ் எனப்படும் கூடத்திலும் தரையில் விரித்த கம்பளத்தின் மீது கால் மடக்கி அமர்வதே மரபு. முழங்கால் மடங்காதவர் தொழுகை வரிசையிலும் சபையிலும் தனித்துத் தெரிந்தார். நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளித்தாலும், அந்த இடத்துக்கு வந்து சேர்வதை முதியவர்கள் இயன்றவரை தள்ளிப்போட்டனர். மேலை நாட்டு மருத்துவத்தில் முழங்கால் தொண்ணூறு பாகை மடங்கினால் நாற்காலி வாழ்க்கைக்குப் போதும் என்று நினைத்திருந்த காலத்தில், இங்கே அந்த அளவு பாதி வாழ்க்கைக்குக்கூடப் போதாததாக இருந்தது.

இந்தச் சூழலில்தான் மிஷன் மருத்துவமனைகள் வந்தன. அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த அரேபிய மிஷன் பஹ்ரைனில் மேசன் நினைவு மருத்துவமனையை 1903இல் திறந்தது. குவைத்தில் ஆண்களுக்கான மருத்துவமனை 1914இல் எழுந்தது. அங்கே பெண்களுக்கு மருத்துவம் பார்த்தவர் எலினர் கால்வெர்லி. மஸ்கத்தில் நெடுங்காலம் பணியாற்றிய சாரா ஹோஸ்மன், 1950களின் தொடக்கத்தில் சார்ஜாவுக்கு வந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனையைத் தொடங்கினார். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டே மணலில் நடந்து நோயாளிகளைப் பார்த்தவர் அவர். துபாயில் அல் மக்தூம் மருத்துவமனை 1951இல் இயங்கத் தொடங்கியது. அல் ஐனில் ஷேக் ஸாயிதின் அழைப்பின் பேரில் பாட் கென்னடி, மரியன் கென்னடி என்ற மருத்துவத் தம்பதியர் 1960இல் தொடங்கிய ஒயாசிஸ் மருத்துவமனை முதலில் இயங்கியது மண் செங்கலால் கட்டப்பட்ட ஒரு விருந்தினர் இல்லத்தில். இவை வருவதற்கு முன்பும் பின்பும், பணவசதி உள்ளவர்கள் பெரிய நோய்களுக்குப் பம்பாய்க்குக் கப்பலேறினர். இந்திய ரூபாயும் அதன் பின் வளைகுடா ரூபாயும் 1960களின் நடுப்பகுதி வரை புழங்கிய கடற்கரையில், பிரிட்டிஷ் அலுவலகங்களை ஒட்டி இயங்கிய சிறு மருந்தகங்களைப் பெரும்பாலும் இந்திய உதவி மருத்துவர்களே நடத்தினர் என்பதால், பம்பாய்ப் பயணம் நோயாளிகளுக்கு அந்நிய நாட்டுப் பயணமாகத் தோன்றவில்லை.

இந்த மருத்துவர்களிடம் வந்த மூட்டு நோய்களில் தேய்மானத்தைவிடத் தொற்றே பெரிய சிக்கலாக இருந்தது. எலும்பையும் மூட்டையும் பற்றும் காசநோய் ஒன்று. காய்ச்சாத ஒட்டகப் பால், ஆட்டுப் பால் ஆகியவற்றின் வழியாக மனிதருக்கு வரும் புரூசெல்லா தொற்று மற்றொன்று. அலையலையாக வந்து தணியும் காய்ச்சலோடு இடுப்பு, முழங்கால் மூட்டுகளையும் முதுகெலும்பையும் பற்றும் இந்நோய் குவைத்தில் 1980களில்கூடப் பெருகிப் பொது சுகாதாரச் சிக்கலாகியது. பஹ்ரைனில் பரம்பரையாக வரும் அரிவாள் செல் இரத்தச் சோகை பரவலாக இருந்ததால், இரத்தம் எட்டாமல் தொடை எலும்பின் தலைப்பகுதி மடிந்துபோகும் இளைஞர்களும் அங்கே இருந்தனர். வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாமே நொண்டி நடக்கும், வலிக்கும், சில வேளை வீங்கும் ஒரு மூட்டுதான். சூட்டுக்கோல்காரர் அனைத்துக்கும் ஒரே இரும்பை வைத்தார் என்று குறை சொல்வது எளிது. ஆனால் எக்ஸ்ரே இயந்திரம் வந்த பின்னரும் மருத்துவர்களால் எலும்பைத்தான் பார்க்க முடிந்ததே தவிர, குருத்தெலும்பையோ மூட்டைச் சுற்றியுள்ள சவ்வையோ பார்க்க முடியவில்லை.

மூட்டுக்குள் நேரடியாகப் பார்க்கும் கருவி உருவான கதை வளைகுடாவுக்கு வெளியே நிகழ்ந்தது; ஆனால் அதன் தொடக்கக் காரணம் வளைகுடாவுக்கு மிக நெருக்கமானது. டென்மார்க்கின் செவெரின் நோர்டன்டாஃப்ட் 1912இல் பெர்லினில் நடந்த ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் மூட்டு அகநோக்கியைப் பற்றி, அதாவது மூட்டுக்குள் செருகிப் பார்க்கும் குழாய்க் கருவியைப் பற்றிப் பேசினார். அது பேச்சளவிலேயே நின்றுபோனது. டோக்கியோவில் கெஞ்சி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கப் பயன்பட்ட குழாயைக் கொண்டு 1918இல் இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் பார்த்தார். காசநோய் பற்றிய முழங்கால் இறுதியில் விறைத்துப்போய் மடங்காமல் நின்றுவிடும். தரையில் மண்டியிட்டு அமர்வதே நாகரிகமாக இருந்த ஜப்பானில், அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் சங்கடப்பட வேண்டியிருந்தது. நோய் முற்றுவதற்கு முன்பே மூட்டுக்குள் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் மூட்டு விறைப்பதைத் தடுக்கலாம் என்பது தகாகியின் எண்ணம். தரையில் அமரும் ஒரு சமூகத்தின் கவலையிலிருந்து பிறந்த கருவி, அதே கவலை கொண்ட இன்னொரு சமூகத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவும் டோக்கியோவிலிருந்து நேராக வராமல், டொராண்டோ, லண்டன் வழியாகச் சுற்றி வந்தது.

தகாகியின் தொடக்கக் கருவி ஏழு மில்லிமீட்டருக்கும் அதிக விட்டம் கொண்டது. முழங்காலில் அவ்வளவு தடித்த குழாயைச் செருகுவது எளிதல்ல என்பதால், அவர் 1931இல் மூன்றரை மில்லிமீட்டராகக் குறைத்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே 1957இல் மூட்டு அகநோக்கலுக்கான வண்ண வரைபட நூலை வெளியிட்டு, 1950களின் இறுதியில் தம் வரிசையின் 21ஆம் எண் கருவியை முடித்தார். உலகம் முழுவதும் பரவிய முதல் கருவி அதுவே. அதன் நுனியில் ஒரு சிறு மின்விளக்கு எரிந்தது. அந்த விளக்கு மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடும் அபாயம் இருந்ததால், பிற்காலக் கருவிகள் கண்ணாடி இழை வழியாக வெளிச்சத்தை வெளியிலிருந்து கொண்டுசென்றன. 1964இல் டோக்கியோவுக்குச் சென்ற கனடிய மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் வதனபேயிடம் இந்த நுட்பத்தைக் கற்றுக்கொண்டு டொராண்டோவுக்கு எடுத்துச் சென்றார். 1974இல் பன்னாட்டு மூட்டு அகநோக்கல் சங்கம் தொடங்கப்பட்டது. இக்கட்டுரைக்கு முக்கியமான செய்தி ஒன்று இங்கே உண்டு. வதனபே 1970 அளவிலேயே 1.7 மில்லிமீட்டர் விட்டத்தில் ஊசி அளவுக் கருவியையும் உருவாக்கியிருந்தார். மருத்துவரின் சொந்த அறையிலேயே மூட்டுக்குள் பார்க்கும் முறை இந்நூற்றாண்டின் புதுமை என்று விளம்பரப்படுத்துவோர் இந்தத் தகவலைச் சொல்வது குறைவு.

வளைகுடாவில் எண்ணெய்ப் பணத்தால் பெரிய மருத்துவமனைகள் எழுந்த காலமும் இந்தக் கருவி பரவிய காலமும் ஒன்றே. துபாயின் ரஷீத் மருத்துவமனை 1973இலும், தோஹாவின் ஹமத் மருத்துவமனை 1982இலும் திறக்கப்பட்டன. காந்தப் புலத்தால் உடலின் மென்திசுக்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரமும் 1980களிலேயே உலகெங்கும் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கியது. இதனால் வளைகுடாவின் மருத்துவ வரலாற்றில் ஒரு கட்டம் ஏறத்தாழ விடுபட்டது என்றே சொல்ல வேண்டும். ஜப்பானிலும் கனடாவிலும் மூட்டு அகநோக்கி முதலில் பார்ப்பதற்கான கருவியாக இருந்து, பல்லாண்டு கழித்தே கிழிந்த பிறைவடிவச் சவ்வை வெட்டவும் தைக்கவும் பயன்படும் கருவியாக மாறியது. வளைகுடாவிலோ அது பெருமளவு சிகிச்சைக் கருவியாகவே அறிமுகமாகி, பார்க்கும் வேலை எம்.ஆர்.ஐ.க்குப் போயிற்று. 2006ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்குப் பின் தோஹாவில் உருவான அஸ்பெடார் விளையாட்டு மருத்துவமனை உலக அளவில் பெயர் பெற்றபோதும், அதன் புகழ் கால்பந்து வீரரின் கிழிந்த இணைநாரைச் சரிசெய்து மீண்டும் களத்துக்கு அனுப்புவதையே சார்ந்திருந்தது.

இடையில் நிகழ்ந்த ஒரு விநோதத்தையும் குறிப்பிட வேண்டும். அடிக்கடி நழுவும் தோளின் தளர்ந்த உறையைச் சுருக்குவதற்காக, 1990களின் பிற்பகுதியில் மேலை நாடுகளில் மூட்டு அகநோக்கியின் வழியே லேசர் ஒளியையும் ரேடியோ அலைகளையும் செலுத்திச் சூடேற்றும் சிகிச்சை பெரும் வரவேற்பைப் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் உறை மீண்டும் தளர்வதும், குருத்தெலும்பு அழிந்துபோவதும் தெரியவரவே அது கைவிடப்பட்டது. ஹிப்போகிராட்டிஸ் நூலின் அக்குள் சூட்டைக் கேலி செய்வதற்கு முன் நவீன மருத்துவம் இந்த அத்தியாயத்தையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

சிகிச்சைக்கான அகநோக்கலுக்கே பெரிய அடி 2002இல் விழுந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் தேய்ந்த முழங்கால் கொண்ட 180 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூட்டைக் கழுவியும், இன்னொரு குழுவுக்கு உள்ளே சுரண்டிச் சீராக்கியும், மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டு ஏதும் செய்யாமலும் விட்டு, இரண்டு ஆண்டுகள் கவனித்ததில், மூன்று குழுவினரின் வலியிலும் நடமாட்டத்திலும் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. தேய்மானத்துக்காக முழங்கால் அகநோக்கல் சிகிச்சை வேண்டாம் என்று 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் உறுதியாகச் சொன்னது.

இந்தப் பின்னணியில்தான் ஊசி அகநோக்கி மீண்டும் தலையெடுத்தது. 1990களிலேயே மருத்துவரின் ஆலோசனை அறையில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் கண்ணாடி இழைகள் தந்த படம் தெளிவாக இல்லாததால் அது நிலைக்கவில்லை. நுனியிலேயே படக்கருவி பொருத்தப்பட்ட, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள, ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறியக்கூடிய கருவிகள் 2010களில் வந்த பின் நிலைமை மாறியது. நோயாளியைப் படுக்க வைத்து, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே, நடுவில் தட்டுப்படும் கெட்டியான தசைநாணின் வெளிப்புறம் விரலுக்கு மென்மையாகப் படும் குழியில் மரப்பு ஊசி போட்டு, மூட்டை உப்பு நீரால் நிரப்பி, அந்த வழியே கருவியைச் செருகுகிறார்கள். வழுவழுப்பான வெண்ணிறக் குருத்தெலும்பும், அதன் தேய்ந்த இடங்களும், மெனிஸ்கஸ் என்ற பிறைவடிவச் சவ்வின் கிழிசலும் கைக்கணினி அளவுத் திரையில் உடனுக்குடன் தெரிகின்றன. மயக்க மருந்து இல்லாததால் நோயாளியும் பார்க்கலாம். தையல் வேண்டாம், பிளாஸ்திரி போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், ஒடுங்கிய குழாய்க்குள் படுக்க அஞ்சுபவர்கள், முன்பு செய்த அறுவையின் உலோகத்தால் எம்.ஆர்.ஐ. படம் மங்கிப்போகிறவர்கள் ஆகியோருக்கு இது பயன்படும் என்பதில் ஐயமில்லை.

வளைகுடாவில் இதன் இடத்தை நிர்ணயிப்பது கருவியின் தரத்தைவிடக் காப்பீடுதான். அபுதாபி 2005ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் துபாய் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பணியாளர்களுக்கு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. 2025 ஜனவரி முதல் மற்ற எமிரேட்டுகளிலும் தனியார் துறைத் தொழிலாளருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் அது கட்டாயமாயிற்று. அடிப்படைக் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் தொழிலாளருக்கு எம்.ஆர்.ஐ.க்கே 'அப்ரூவல்' வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சாரத்தில் ஏறி இறங்கி முழங்கால் கெட்ட தமிழகத் தொழிலாளர் பலர் வலிமாத்திரையோடு நாட்களை ஓட்டி, விடுமுறையில் ஊர் வந்துதான் மதுரையிலோ திருச்சியிலோ படம் எடுக்கிறார்கள். வசதி படைத்தவர்களோ தேவைக்கு மேல் பார்க்கப்படும் அபாயத்தில் இருக்கிறார்கள். வயது ஐம்பதைக் கடந்த முழங்காலுக்குள் பார்த்தால் ஏதேனும் ஒரு கிழிசல் தெரியத்தான் செய்யும்; தெரிந்துவிட்ட கிழிசலை விட்டுவைப்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் கடினம். 2002க்குப் பின் மூடப்பட்ட கதவு இந்த வழியாக மீண்டும் திறக்கக் கூடாது.

ஊசி அகநோக்கிக்கு வளைகுடாவில் மிகப் பொருத்தமான வேலை, தேய்மானத்தைப் பார்ப்பதைவிடத் தகாகி தேடிய தொற்றைத் தேடுவதே. வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் காம்கா என்ற பழைய பெயராலும் வாஃபித் என்ற புதிய பெயராலும் அறியப்படும் மருத்துவப் பரிசோதனையில் காசநோய்க்காக மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறார். ஆனால் மூட்டுக் காசநோய் உள்ள பலருக்கு மார்புப் படத்தில் நோய் எதுவும் தெரிவதில்லை. மாதக்கணக்கில் வீங்கி, காரணம் தெரியாமல் நிற்கும் ஒற்றை முழங்காலில் மூட்டைச் சுற்றித் தடித்த சவ்வையும், அரிசி மணிகள் என்றே மருத்துவர்கள் பெயரிட்டிருக்கும் வெண்ணிறத் துணுக்குகளையும் நேரில் பார்க்கவும், பார்த்த இடத்திலிருந்தே திசுவைக் கிள்ளி எடுத்துக் காசநோயா, புரூசெல்லாவா, முடக்குவாதமா என்று ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யவும் அகநோக்கல் வழிசெய்கிறது; எம்.ஆர்.ஐ.யால் வீக்கத்தைக் காட்ட முடியும், கிருமியின் பெயரைச் சொல்ல முடியாது. மருந்து முற்றிலும் மாறுபடும் இந்த நோய்களில் முடிவு தாமதமானால் மூட்டு விறைத்துவிடும். காப்பீட்டு நிறுவனங்கள் அனுமதிப் பட்டியலில் இந்தச் சோதனையைச் சேர்ப்பதானால் முதலில் சேர்க்க வேண்டியது நீண்ட நாள் வீங்கிய ஒற்றை மூட்டையே. பாலைக் காய்ச்சிக் குடித்தீர்களா, ஊரில் யாருக்காவது காசநோய் உண்டா என்ற இரண்டு கேள்விகளும், ஊசியால் உறிஞ்சி எடுத்த மூட்டு நீரின் சோதனையும் அதற்கும் முன்னதாக வர வேண்டும்.